கோணலாகக் கூடிய விரலும் நேராகும்!

சகோதரிகளே, கையில் இருக்கும் கரண்டியைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு, வலது கை விரல்களை மெதுவாக மூடிப் பாருங்கள். நான்கு விரல்களும் ஒன்றையொன்று இடிக்காமல் வரிசையாக மடங்கி உள்ளங்கையில் உட்காருகின்றன அல்லவா? இப்போது ஒவ்வொரு விரலாகத் தனித்தனியே மடக்குங்கள். எந்த விரலை மடக்கினாலும் அதன் நுனி, கட்டைவிரல் மேட்டுக்கு அடியில் மணிக்கட்டை ஒட்டியுள்ள ஓர் இடத்தைப் பார்த்தே சாயும். சாதம் பிசைவதும், துணி பிழிவதும், குழந்தைக்குத் தலை பின்னுவதும் இந்த ஒழுங்கினால்தான் நடக்கின்றன. அது கெடாத வரையில் நாம் அதை நினைப்பதே இல்லை.

ஒரு கையில் மொத்தம் 27 எலும்புகள். மணிக்கட்டில் கூழாங்கல் மாதிரி 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. இவற்றில் ஒன்று முறிந்து, கோணலாகக் கூடிவிட்டால் என்ன செய்வது? "தலையெழுத்து, இனிமே இப்படித்தான்" என்று இருந்துவிடுகிறவர்கள் நம்மில் அநேகம் பேர். அப்படி இருக்க வேண்டியதில்லை என்பதை என் கையைக் கொண்டே தெரிந்துகொண்டேன். யாராவது ஒருவருக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நீட்டினால் நேர், மடக்கினால் கோணல்

2022 நவம்பர் மாதம். விடாத மழையில் எங்கள் வாசல் படியெல்லாம் பாசி. கோலமாவுக் கிண்ணத்தோடு இறங்கியவள் வழுக்கி விழுந்தேன். பிடிமானத்துக்கு நீட்டிய வலது கையின் மோதிர விரல் கேட்டுக் கம்பிக்குள் மாட்டித் திருகிக்கொண்டது. அன்றைக்கே பக்கத்தில் உள்ள ஒரு கிளினிக்குக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தோம். விரலின் அடி எலும்பில் சாய்வாக ஒரு முறிவு. விலகல் அதிகம் இல்லை என்றார்கள். அலுமினியத் தகடு வைத்து, விரலை நீட்டினாற்போல் கட்டினார்கள். ஆறு வாரம் கழித்துப் பிரித்தபோது விரல் அளவுகோல் மாதிரி நேராக இருந்தது. எல்லோருக்கும் திருப்தி.

விரல் மடங்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சாதத்தில் கை வைத்தேன். மோதிர விரல் நேரே வராமல், நடுவிரலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது! பிசைந்த சாதம் விரல் சந்து வழியே தட்டில் விழுகிறது. துணி பிழிந்தால் இரண்டு விரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நசுங்கி வலிக்கிறது. அக்கம்பக்கத்தாருக்குப் பிளவுஸ் தைத்துக் கொடுப்பது என் வழக்கம். பெரிய கத்தரிக்கோலைப் பிடித்துத் துணி வெட்ட முடியாமல், மூன்று பேருடைய துணியைத் தைக்காமலே திருப்பிக் கொடுத்தேன். ஒரு கல்யாணப் பந்தியில் எல்லோரும் பார்க்க ஸ்பூன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். கையில் வலி குறைவுதான், மனசில்தான் அதிகம்.

"விளக்கெண்ணெய் போட்டு தினம் நீவி விடு, சரியாப் போயிடும்" என்றார்கள் வந்தவர்கள் எல்லாரும். மரத்துப்போன தசைக்கு நீவல் இதமாக இருக்கலாம். ஆனால் கூடிவிட்ட எலும்பு எண்ணெய்க்கும் நீவலுக்கும் அசையாது.

எக்ஸ்ரேயிலும் ஏமாற்றம் உண்டு

2023 பிப்ரவரியில், கை அறுவைக்கென்றே பயிற்சி பெற்ற ஒரு டாக்டரை வெளியூரில் போய்ப் பார்த்தோம். சீட்டில் 'தொழில்' என்ற இடத்தைப் பார்த்து, "என்ன வேலை பார்க்கறீங்கம்மா?" என்று கேட்டார். "வேலையெல்லாம் ஒண்ணும் இல்லை டாக்டர், வீட்டில்தான் இருக்கேன்" என்றேன். "அப்போ இந்தக் கைக்கு லீவே கிடையாதுன்னு சொல்லுங்க" என்று சிரித்தார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் பாதி தைரியம் வந்துவிட்டது.

எக்ஸ்ரேயை அவர் அப்புறம்தான் பார்த்தார். முதலில் விரல்களை மடக்கச் சொன்னார். பார்த்த உடனே, "எலும்பு வளையலை, திரும்பியிருக்கு" என்றார். முறிந்த துண்டு தன் அச்சிலேயே திரும்பி, அப்படியே கூடிவிட்டது என்று அர்த்தம். மடக்கும்போது விரல்கள் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே விழுவதால் டாக்டர்கள் இதற்கு 'சிஸரிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"எக்ஸ்ரேயில் எப்படித் தெரியாமல் போச்சு?" என்று கேட்டேன். எக்ஸ்ரே என்பது ஒரு நிழல்தானே! விளக்குக்கு முன்னால் ஒரு பென்சிலைப் பிடியுங்கள். வளைத்தால் நிழலும் வளையும். பென்சிலை அப்படியே விரலிடுக்கில் உருட்டினால் நிழல் மாறாது. 1895-ஆம் வருஷம் ஜெர்மனியில் ராண்ட்ஜன் தம் மனைவியின் கையை, மோதிரத்தோடு, எக்ஸ்ரே படம் எடுத்தார். எலும்புகளை உயிரோடு இருக்கும்போதே பார்க்க முடிந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் திருகலைக் கண்டுபிடிக்க இன்றைக்கும் விரலை மடக்கிப் பார்ப்பதுதான் நல்ல வழி. உள்ளங்கை எலும்பு 5 டிகிரி திரும்பினாலே, மடக்கும்போது அந்த விரல் நுனி பக்கத்து விரல் மேல் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் ஏறிவிடும். சின்னத் திருகல், பெரிய தொல்லை!

வீட்டிலேயே பார்க்க இரண்டு வழிகள் சொல்லிக் கொடுத்தார். விரல்களைப் பாதி மடக்கி, நகங்களை நேருக்கு நேராகப் பாருங்கள். நான்கு நகமும் ஏறக்குறைய ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் பக்கவாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். அடுத்தது, விரலை மடக்க முடியாத புதிய முறிவுக்கு. டாக்டர் மணிக்கட்டை மெதுவாகப் பின்பக்கம் சாய்ப்பார். விரல்கள் தாமாகவே கொஞ்சம் மடங்கும். அப்போதே எந்த விரல் வழி தவறுகிறது என்று தெரிந்துவிடும். இரண்டு கையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே விரல் லேசாகச் சாய்ந்திருக்கும்.

ஒட்டினதை மறுபடியும் உடைப்பதா?

"எலும்பை வெட்டித் திருப்பி வைக்கணும்" என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு என் மாமியாருக்குத் தூக்கம் போய்விட்டது. "ஒடைஞ்சு ஒட்டினதை மறுபடியும் ஒடைக்கறதாவது! எந்த ஊர் நியாயம்டி இது?" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம்தான்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். கோணலாகக் கூடிய எலும்பை ஓரிடத்தில் சுத்தமாக வெட்டி, சரியான திசைக்குத் திருப்பி நிறுத்திவிட்டால், முதல் தடவை கூடியது மாதிரியே அது மறுபடியும் கூடும். முன்பெல்லாம் இதற்கு நீளமாகக் கீறி, தசைநாரை ஒதுக்கி, எலும்பைத் திறந்து பார்த்துத் தகடு வைத்துத் திருகுவார்கள். இப்போதும் பலருக்கு அதுதான் தேவைப்படுகிறது. ஆனால் என்னைப் போன்ற சிலருக்குச் சின்னத் துளை வழியாகவே செய்துவிட முடிகிறது. அறுவைக்கூடத்தில் 'சி-ஆர்ம்' என்ற எக்ஸ்ரே கருவி இருக்கும். உள்ளே நடப்பதை அது திரையில் அவ்வப்போது காட்டுவதால் எலும்பைத் திறந்து வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

இன்னொரு ஆச்சரியமும் சொன்னார். என் முறிவு விரலில். அவர் வெட்டப் போவதோ விரலை அல்ல; அதற்கு நேர் பின்னால் உள்ள உள்ளங்கை எலும்பின் அடிப்பகுதியை! விரல் எலும்பைச் சுற்றித் தசைநார்கள் உறை மாதிரி ஒட்டிக்கொண்டு வழுக்கி ஓடுகின்றன. அங்கே கத்தி பட்டால் நார் எலும்போடு ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துப் போகலாம். உள்ளங்கை எலும்பின் அடியிலோ இடம் உண்டு. எலும்பும் அகலமாக இருப்பதால் நன்றாகக் கூடும். "வாய்க்கால் தண்ணி திசை மாறிப் போனா மடையில்தானேம்மா திருப்புவீங்க? அது மாதிரிதான்" என்றார். சோழநாட்டுக்காரிக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? இப்படித் திருப்புவதற்கு ஒரு வரம்பு உண்டு: நடுவிரல், மோதிர விரலுக்குச் சுமார் 20 டிகிரி. எனக்கு இருந்தது ஏறக்குறைய 15. அதனால் பிழைத்தேன்.

விழித்திருக்கும்போதே ஆபரேஷன்

2023 மார்ச் மாதம் ஆபரேஷன். மயக்க மருந்து கிடையாது. கையில் மட்டும் மரப்பு ஊசி. அந்த மருந்தோடு அட்ரினலின் சேர்த்துப் போடுகிறார்கள். அது ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் ரத்தம் அதிகம் கசியாது; புஜத்தில் இறுக்கிக் கட்டும் பட்டையும் வேண்டியதில்லை. விரலில் அட்ரினலின் போடவே கூடாது, விரல் அழுகிவிடும் என்றுதான் வெகு காலம் மருத்துவக் கல்லூரிகளில் சொல்லிக் கொடுத்தார்கள். கனடாவைச் சேர்ந்த டாக்டர் டொனால்ட் லலோண்டேயும் அவருடைய சகாக்களும் 3,000-த்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து, அளவோடு போட்டால் அந்தப் பயம் வேண்டாம் என்று 2005-இல் எழுதினார்கள். அதற்குப் பிறகு இந்த முறை உலகம் முழுவதும் பரவியது.

ஊசி போட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். நர்ஸ் அம்மா என் பெண்ணின் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். பிறகு புறங்கையில் அரை சென்டிமீட்டருக்குக் குறைவாக ஒரு கீறல். அதன் வழியே மெல்லிய துரப்பணத்தால் எலும்பில் வரிசையாகத் துளைகள் போட்டார்கள். தபால்தலைத் தாளில் கிழிக்க வசதியாகத் துளை இருக்குமே, அது மாதிரி. பிறகு ஒரு சின்ன உளியால் லேசாகத் தட்டியதும் எலும்பு அந்த வரிசையிலேயே பிரிந்தது. தட்டுவது கேட்டது, வலி இல்லை.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். வெட்டின துண்டில் ஒரு கம்பியைக் குத்தி, அதைக் கைப்பிடி மாதிரி வைத்து எலும்பைக் கொஞ்சம் திருப்பினார் டாக்டர். "இப்போ விரலை மூடுங்கம்மா" என்றார். கையே மரத்திருக்கிறது, எப்படி மூடுவது என்று விழித்தேன். விரலை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றனவாம். அங்கே ஊசி போடவில்லை. மூடினேன். மோதிர விரல் இன்னும் நடுவிரலை உரசியது. "இன்னும் ஒரு நூல்" என்று திருப்பினார். மறுபடியும் மூடச் சொன்னார். இந்த முறை நான்கு விரலும் வரிசையாக வந்து உட்கார்ந்தன! நான்கு மாதம் கழித்து என் கையை என் கையாகப் பார்த்தேன். திரைக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கண் மறைத்தது.

தூங்க வைத்துச் செய்தால் நோயாளி தாமாக விரலை மூடிக் காட்ட முடியாது. விழித்திருக்கும்போது செய்வதில் பெரிய லாபம் இதுதான். ஆனால் எல்லோருக்கும் இது ஒத்து வராது. சின்னக் குழந்தைகளுக்கும், மிகவும் பயப்படுகிறவர்களுக்கும், விரல்களில் ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைவாக உள்ளவர்களுக்கும் டாக்டர் வேறு முறையில் மயக்கம் கொடுப்பார்.

திசை சரியானதும் இரண்டு மெல்லிய கம்பிகளைச் செருகி எலும்பை அசையாமல் நிறுத்தினார்கள். இவற்றுக்குக் கிர்ஷ்னர் கம்பி என்று பெயர். 1909-இல் மார்ட்டின் கிர்ஷ்னர் என்ற ஜெர்மானிய டாக்டர் கொண்டுவந்தது. நூறு வருஷம் தாண்டியும் கை எலும்புக்கு இதை மிஞ்சியது அதிகம் இல்லை. சிலருக்குக் கம்பிக்குப் பதில் எலும்புக்கு உள்ளேயே தங்கும் திருகாணி வைக்கிறார்கள். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பாதி வேலை டாக்டருடையது, பாதி நம்முடையது

ஆபரேஷன் முடிந்ததே என்று கையைத் தூளியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. கையின் முதல் எதிரி வீக்கம். வீக்கம் நின்றால் விறைப்பு வரும். அதனால் முதல் வாரம் முழுக்க, உட்கார்ந்தாலும் படுத்தாலும், தலையணை வைத்து நெஞ்சுக்கு மேலே கை இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாளே பயிற்சி ஆரம்பம். உள்ளங்கைக்கு மட்டும் கட்டு, விரல்கள் வெளியே. பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஆனால் கண்டிப்பு, என் பள்ளிக்கூட டீச்சரம்மா மாதிரி! விரல்களைக் கொக்கி மாதிரி வளைப்பது, நுனியை நேராக வைத்து அடியில் மட்டும் மடக்குவது, பிறகு முழு முட்டி என மூன்று விதம். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, தினமும் ஐந்தாறு வேளை. மோதிர விரலையும் சுண்டு விரலையும் பட்டையால் சேர்த்துக் கட்டினார்கள். துணைக்குப் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ஒன்று மற்றதை இழுத்துப் போகும். வலிக்கிறது என்றால், "வலிச்சா கொஞ்சம் குறைங்க ஆன்ட்டி, நிறுத்தாதீங்க" என்பாள்.

கம்பி முனை தோலுக்கு வெளியே இருந்ததால் தண்ணீர் படாமல் பாலிதீன் உறை கட்டிக் குளித்தேன். பாத்திரம் துலக்குவதை என் கணவரும் பிள்ளைகளும் பங்கு போட்டுக்கொண்டார்கள். (இந்தப் பழக்கம் மட்டும் கம்பியோடு போய்விட்டது!) ஐந்தாம் வாரம் எக்ஸ்ரேயில் எலும்பு கூட ஆரம்பித்திருந்தது. குறடு மாதிரி ஒன்றால் கம்பியை உருவினார்கள். ஊசி குத்தின அளவுகூட வலி இல்லை. பிறகு வெதுவெதுப்பான நீரில் கை வைத்து மூடித் திறப்பது, இளக்கமான சப்பாத்தி மாவு பிசைவது என்று படிப்படியாகப் போனோம். மூன்று மாதம் கழித்துத்தான் கனமான கத்தரிக்கோலைத் தொட விட்டார்கள். இப்போது பிளவுஸ் வெட்டுகிறேன். மார்கழிக் காலையில் அந்த விரல் கொஞ்சம் விறைப்பாக எழுந்திருக்கும். காப்பி டம்ளரைச் சுற்றிப் பிடித்தால் இளகிவிடும்.

எல்லாக் கோணலுக்கும் கத்தி வேண்டாம்

இதைப் படித்துவிட்டு, வளைந்த விரல் உள்ளவர்கள் எல்லோரும் கிளம்பிவிட வேண்டாம். என் மாமியாருக்கே இடது மணிக்கட்டு கோணல்தான். 2009-இல் கிணற்றடியில் கையூன்றி விழுந்தது. ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்பு மெலிவதால் மணிக்கட்டு முறிவு சகஜம். சாப்பாட்டு முள்கரண்டியைக் கவிழ்த்தது மாதிரி கை வளையும். அயர்லாந்து டாக்டர் ஆபிரகாம் காலிஸ் 1814-இலேயே இதை விவரித்தார். எக்ஸ்ரே வருவதற்கு 81 வருஷம் முன்னால்! கோணல் நின்றுவிட்டாலும் கை நாளடைவில் வேலைக்குத் திரும்பும் என்பது அவர் கருத்து. இளவயதுக்காரர்களிடம் அது எப்போதும் பலிப்பதில்லை. வலி நீடிக்கலாம், பிடி குறையலாம், கையைத் திருப்பிக் காசு வாங்க முடியாமல் போகலாம். அவர்களுக்கு முன்கை எலும்பை வெட்டி, தேவையானால் வேறிடத்து எலும்புத் துணுக்கு வைத்துத் தகடு பொருத்துகிறார்கள். அது அநேகமாகச் சின்னத் துளையில் முடிகிற காரியம் இல்லை.

என்னோடு வந்த மாமியாரும் அன்று தம் கையை நீட்டிக் காட்டினார். டாக்டர் திருப்பிப் பார்த்தார். அழுத்திப் பிடிக்கச் சொன்னார். "வலி இருக்காம்மா?" "இல்லை." "எந்த வேலையாவது முடியலையா?" "இவளைவிட நான் நல்லா மாவரைப்பேன்." "அப்போ அழகுக்காக வெட்ட வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். வலியோ, வேலைத் தடையோ இருந்தால்தான் திருத்தம். பார்வைக்குக் கோணல் என்பது மட்டும் காரணம் ஆகாது.

சின்னத் துளையும் எல்லோருக்கும் பொருந்தாது. மூட்டுக்குள்ளேயே முறிவு படியாகக் கூடியிருந்தாலும், தசைநார் ஒட்டிக்கொண்டிருந்தாலும், எலும்பு மிகவும் குட்டையாகிப் போயிருந்தாலும் திறந்துதான் செய்ய வேண்டியிருக்கும். ஆபத்தும் இல்லாமல் இல்லை. கம்பி வழியே சீழ் பிடிக்கலாம்; விரல் விறைக்கலாம்; எலும்பு கூடத் தாமதமாகலாம்; திருப்பினது கூடுதலாகவோ குறைவாகவோ போகலாம். சர்க்கரை வியாதி கட்டுக்குள் இருக்க வேண்டும். புகை பிடிப்பவர்களுக்கு எலும்பு கூடுவது மெதுவாகும். உங்கள் வீட்டு ஆண்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இதெல்லாம் வெளிநாட்டு வித்தை என்றும் எண்ண வேண்டாம். 1940-களின் இறுதியிலேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப் போன கைகளைத் திருத்தி உலகத்துக்கே வழி காட்டினார். 1970-களின் தொடக்கத்தில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே தனிப் பிரிவை உருவாக்கினார். ஆலையில் கை நசுங்கினவர்களும் ஏழைகளும் அங்கே பலன் பெற்றார்கள். செலவுக்குப் பயப்படுகிறவர்கள், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், தங்கள் சிகிச்சை அதில் அடங்குமா என்று ஆஸ்பத்திரிக் கவுண்ட்டரில் முதலிலேயே விசாரித்துவிடுவது நல்லது.

இளம் தாய்மார்களுக்கு

குழந்தைகளின் விரல் கதவிடுக்கில் மாட்டுவது எந்த வீட்டிலும் நடக்கும். "குழந்தை எலும்புதானே, வளர வளரச் சரியாயிடும்" என்பார்கள். இது பாதிதான் உண்மை. மூட்டு மடங்கும் திசையில் ஏற்பட்ட வளைவு, வளர்ச்சியில் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். ஆனால் திருகல் தானாகச் சரியாகாது. அதனால் குழந்தை கையை மூடும்போது கவனித்துப் பாருங்கள்.

இறுக்கமான கட்டும் ஆபத்து. கட்டுப் போட்டது டாக்டரோ, நாட்டு வைத்தியரோ, யாராக இருந்தாலும் சரி. விரல் நீலம் பாரித்தால், மரத்தால், சில்லிட்டால், விரலை மெல்ல நீட்டிவிடும்போது குழந்தை வீறிட்டு அழுதால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரத்த ஓட்டம் தடைப்பட்டு முன்கைத் தசை சுருங்கிப் போவதை 1881-இலேயே வோல்க்மன் என்ற டாக்டர் எழுதி வைத்திருக்கிறார். சில மணி நேரத்தில் ஆயுளுக்கும் கை போய்விடும். கட்டைத் தளர்த்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கையில் அடிபட்டால்

* மோதிரம், வளையல்களை உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

* நீவவோ, சொடுக்கு எடுக்கவோ, இழுத்து நேராக்கவோ கூடாது.

* துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். அட்டையை அணை கொடுத்துத் தளர்வாகக் கட்டி, கையை உயர்த்திப் பிடியுங்கள்.

* தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால் சுத்தமான துணியால் மூடி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* எக்ஸ்ரே எடுத்த பிறகு, "விரல் திரும்பியிருக்கான்னு பார்த்தீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் மறு எக்ஸ்ரே தேவையா என்றும் கேளுங்கள். கட்டுக்குள்ளேயே எலும்பு நகர்வது உண்டு.

* விரல் எலும்பு முறிவு பெரும்பாலும் மூன்று நான்கு வாரத்தில் ஓரளவு கூடிவிடும். அதற்கு மேலும் அசையாமல் கட்டி வைக்கச் சொன்னால் காரணம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

* கோணலாகக் கூடுகிறது என்று சந்தேகம் வந்தால் முதல் இரண்டு மாதத்துக்குள் காட்டுவது உத்தமம். புது எலும்பு முற்றும் முன் முறிந்த இடத்திலேயே திருத்துவது சுலபம். நாள் கடந்துவிட்டாலும் வழி உண்டு.

நம் வீடுகளில் பிள்ளைக்குப் பல் வலித்தால் அன்றே ஓடுவோம். கணவருக்குத் தலைவலி என்றால் தைலம் தேடுவோம். நம் கை கோணினால் மட்டும் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்போம். அடுப்பங்கரையில் பகல் முழுக்க ஓய்வில்லாமல் உழைக்கிற கை அது. கோணல் விரலோடு காலம் தள்ளும் அக்கா தங்கையோ அண்டை வீட்டுப் பெண்ணோ உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டி, கூடவே ஒரு நாள் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.